வால் உள்ள புள்ளி

தூசி இல்லாத காற்று வேண்டுமென்று
எங்கள் வேலையை ஊட்டிக்கு ஏற்றினார்கள்.
அதனால் வாசலிலேயே சோதனை:
பவுடர் கூடாது, பீடி கூடாது,
இருட்டில் முள் மினுங்கும் கடிகாரம் கூடாது,
திருநீறு இட்டவன் கழுவிவிட்டு வர வேண்டும்.
சாமி பொறுக்கும், பிலிம் பொறுக்காது
என்பார் ஷிப்ட் சூப்பர்வைசர் தேவசகாயம்.

உள்ளே
இருபதடிக்கு ஒரு சிவப்பு விளக்கு,
அதுவும் அணையப்போகும் கங்கு மாதிரி.
எதிரே வருகிறவர் மேல் மோதாமலிருக்க
"இடது, இடது" என்று சொல்லிக்கொண்டே நடப்போம்.
ஒரு வருஷம் கழித்து கேன்டீனில்தான் தெரிந்தது
இந்தக் குரலுக்கு இப்படி ஒரு மூக்கு என்று.

வெள்ளி கரைக்கிற அறையில் பெள்ளி.
படுகு மொழியில் அந்தப் பேருக்கே வெள்ளி என்றுதான் அர்த்தம்.
கட்டி கட்டியாக வரும். அமிலத்தில் போட்டால்
செம்பழுப்புப் புகை விட்டுத் தண்ணீராகிவிடும்.
தண்ணீர்தானே என்று கை பட்டுவிட்டால்
வெயிலில் நின்றதும் விரல் கறுக்கும்.
ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திப் போனவன்
விரல்களை உள்ளே மடித்தே கும்பிட்டானாம்.

பக்கத்துத் தொட்டியில் ஜெலட்டின்.
மாட்டெலும்பைக் காய்ச்சி
மனித எலும்பைப் பார்க்கிற பிழைப்பு நம்முடையது
என்று சிரிப்பான் பெள்ளி.
சிரித்தால் இருமுவான்.

எல்லாம் கலந்து, சூட்டில் கனிந்து
பால் போல வருமாம்.
நான் பார்த்ததில்லை, அந்தச் சிவப்பில்
பாலும் ரத்தமும் ஒரே நிறம்.
அதைப் பிலிமில் தடவுகிற மெஷினில் நான்.
கடுகில் பாதி, ஒரு குமிழி
வந்து உடைந்தால் போதும்,
அந்த இடத்தில் வெள்ளி இல்லை.
வெள்ளி இல்லாத இடம் கறுக்காது.
கறுக்காத இடம் விளக்குப் பெட்டியில்
வெள்ளைப் புள்ளி.

அந்த வருஷ மருத்துவப் பரிசோதனையில்
பெள்ளியின் வலது நெஞ்சில், மேலே,
ஒரு வெள்ளைப் புள்ளி.

டாக்டர் நீலாயதாட்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.
"இது இவருடையதா, உங்களுடையதா?"
ஓரத்து எண்ணைப் பார்த்தேன்.
ஆடி மாதம், ராத்திரி ஷிப்ட், என் மெஷின்.

பதினோரு வருஷம் பிழை வராமல் காவல் நின்றவன்
முதல் தடவையாக வேண்டினேன்:
என் பிழையாகவே இருக்கட்டும்.

ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.
வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.
கண்ணை மூடிக்கொண்டேன்.
கட்டைவிரல், ரோல் ஓடிய திசையில், மெல்ல.
ஒரு பள்ளம்.
பள்ளத்தின் பின்னால்
தலைப்பிரட்டை வால் போல ஒரு இழை.
நுரையீரலில் எதற்கும் வால் முளைக்காது.

"என்னுடையது" என்றேன்.
பெள்ளி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே
"அப்போ நீதான் டீ வாங்கித் தரணும்" என்றான்.
வாங்கித் தந்தேன். பன்னும்.

டீ ஆறுவதற்குள் கணக்கு வந்தது.
குமிழி ஒற்றையாக வராது.
அந்த ராத்திரி வெட்டியது எண்ணூற்று ஐம்பது தாள், பதினேழு பெட்டி.
எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒன்று.
மீதிப் பதினாறும் குன்னூர் வழியாக இறங்கிவிட்டன.
எங்கோ கட்டாக்கில், எங்கோ தூத்துக்குடியில்
சட்டையைக் கழற்றி
குளிர்ந்த தகட்டில் நெஞ்சை வைத்து
மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கிறார் ஒருவர்.
என் குமிழியை
அவருக்குள் காட்டப்போகிறார்கள்.

தந்தி எழுதினேன்:
"புள்ளி தெரிந்தால் தடவிப் பார்க்கவும்."
வார்த்தைக்குக் காசு என்று தேவசகாயம் அடித்துவிட்டு
எண்ணைப் போட்டு, "உபயோகிக்காதீர்" என்றார்.

மார்கழிக்குள் பதின்மூன்று பெட்டி திரும்பின,
சீல் உடையாமல்.
இரண்டு, பாதி காலியாக.
ஒன்றிலிருந்து பதிலே இல்லை.

பெள்ளிக்கு மறுபடி படம் எடுத்தார்கள். சுத்தம்.
இருமல் மட்டும் அப்படியே.

இப்போதும் ராத்திரி ஷிப்டில்
காலியான நடையில்கூட
"இடது, இடது" என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.
எதிரே யாரோ
வந்துகொண்டே இருக்கிறார்.