புகார்ப் பதிவேடு, பக்கம் பதினேழு

மூத்த பணியாளர் ஆனதில் எனக்குக் கிடைத்தவை:
மாசம் எழுநூறு ரூபாய் கூடுதல்,
மருந்து அலமாரிச் சாவி,
ஏற்கெனவே இருந்த இடுப்பு வலிக்கு ஒரு பதவிப்பெயர்,
பிறகு இந்தப் புகார்ப் பதிவேடு.
பதினாறு பக்கம் நிரம்பிவிட்டது.
மீன்குழம்பில் உப்பு. கக்கூஸ் தாழ்ப்பாள்.
தகரக் கூரையில் மழை பெய்தால்
விடியவிடிய விழித்திருக்கும் செலஸ்டின்.
(மழையின் மேல் என்ன நடவடிக்கை எடுக்க?
கட்டிலை நகர்த்திப் போட்டோம்.)

அன்று சாயங்காலம் ததேயூஸ் வந்தார்.
கழுத்தில் தொங்கும் எழுத்துப் பலகையைக் கழற்றி
மேசைமேல் போட்டார்.
நடுங்கும் விரலின் மூட்டு
மெய் வரிசையில் ஒன்றைத் தேடும், வழுக்கும்,
மறுபடி ஏறும். பிறகு உயிர் வரிசைக்கு வரும்.
இரண்டும் சேர்ந்தால்
நான் ஓரெழுத்து எழுதிக்கொள்வேன்.
முந்திக்கொண்டு ஊகித்தால் கண்ணை மூடிக்கொள்வார்.
திரும்ப முதலிலிருந்து.

ரெ
ஜி
லா

என் பெயர்.
அக்கா சேர்க்கவில்லை.
எழுத்து மிச்சம் பிடித்தாரோ,
புகாரில் உறவு எதற்கு என்றோ.

அடுக்களையில் மரச்சீனி அடிப்பிடிக்கும் வாசம் வந்தது.
நான் எழவில்லை.
நாற்பது நிமிடத்தில் ஆனது இவ்வளவுதான்:
"ரெஜிலா கண்டக்டருக்குப் பதில் சொல்லுது.
மூணு வருசம்.
எனக்குத் திங்கள்சந்தை."

வியாழன்தோறும் ஒன்பதே காலுக்குக் கருங்கலில் ஏறுவோம்.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைகால் பயிற்சி.
"இவரு எங்க எக்கா?"
கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்.
"நாகர்கோவில்" என்பேன், பையைத் துழாவிக்கொண்டே.
கிழித்து என்னிடமே தருவார் இலவசச் சீட்டை.
திங்கள்சந்தையில் பஸ் நின்று புறப்படும்.
அப்போதெல்லாம் அவர் தோள் என் தோளில் இடிக்கும்.
வளைவு என்று நினைத்திருந்தேன்.
பலகை சட்டைக்குள் கிடக்கும்.
ஜன்னல் கம்பியில் அடிபடாமலிருக்க
நான்தான் உள்ளே போட்டுவிடுவேன்.

புகார்தாரர்: ததேயூஸ், குறும்பனை.
யார் மீது: ரெஜிலா, மூத்த பணியாளர்.
விசாரித்தவர்: ரெஜிலா, மூத்த பணியாளர்.
எழுதிவிட்டுப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.
அவர் சிரிக்கவில்லை.
பெருவிரலில் மை தடவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வியாழன் பலகை சட்டைக்கு வெளியே.
"எங்க எக்கா?"
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
ரப்பர் தோட்டம், ஒரு குருசடி,
சுவரில் நனைந்த கல்யாண போஸ்டர்.
நாக்கு நுனியில் ஊர்ப்பெயர் துடிக்கிறது.
மூணு வருசப் பழக்கம்,
பல்லைக் கடித்தால்தான் நிற்கும்.
"சட்டுன்னு சொல்லுங்க, டிக்கெட் போடண்டாமா?"
பின்சீட்டில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
மூட்டு வழுக்கியது. ஏறியது.
கண்டக்டர் குனிந்தார். வேறு வழியில்லை.
"தி... திங்கள்... அட, சந்தையா!
இதுக்கா இம்புட்டு நேரம்."

சந்தை வாசலில் ஒன்றும் செய்யவில்லை அவர்.
நின்றார்.
கோழிக்கூடை இறங்குவதை,
மட்டிக்குலைக்கு ஒருத்தி விலை பேசுவதை,
ஸ்கூட்டரை எட்டி எட்டி உதைக்கும் பையனை
ஒரு மணி நேரம் பார்த்தார்.
ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தது.
ஏன் இங்கே, இதற்கா, முடிந்ததா, கால் வலிக்கிறதா
எல்லாவற்றையும் விழுங்கினேன்.

பிறகு சாயாக்கடை.
அவர் கிளாஸில் பாதி சட்டைக்குப் போனது.
கடைக்காரர் அவரிடம் கேட்டார்:
"கூட வந்தவங்களுக்கு எப்படி?"
எனக்குச் சீனி ஆகாது.
சொல்ல வாய் எடுப்பதற்குள்
பலகையில் விரல் இறங்கிவிட்டது.

இனிப்பு தூக்கலாக வந்தது.
குடித்தேன்.
அதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.