வீசை

கலே சந்தையின் மேற்குக் கோடியில் என் உப்புக்கடை.
அதற்கப்பால் மியித்தா ஆறு, ஆற்றுக்கப்பால் மலை,
மலையில் எட்டுக் குடி.
ஒரு குடியின் மாட்டை இன்னொரு குடி ஓட்டிப் போகும்.
நம் பக்கம் அதற்கென்றே ஒரு பூ இருந்தது, வெட்சி.
இங்கே பூ இல்லை, மாட்டின் காதுதான்:
நேர்வெட்டு, சாய்வெட்டு, ஓரத்தில் ஒரு துளை,
எட்டாம் குடிக்கு இரண்டு துளை.
காதைப் பார்த்தால் யார் மாடு என்று தெரியும்,
யார் யாரைக் கொல்லப் போகிறார்கள் என்றும்.

துவால் காம் முதலில் வந்தபோது
அவனிடம் குதிரை இல்லை, ஜலதோஷம் இருந்தது.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்,
வருஷத்துக்கு மலைக்கு எத்தனை வீசை உப்பு ஏறும்?
வீசை நம் சொல். கப்பலேறி வந்து
இந்த நாட்டுத் தராசில் உட்கார்ந்துகொண்டது, என்னைப் போல.
சொன்னேன்.
அத்தனையும் எனக்கு, என்றான். எனக்கு மட்டும்.
முன்பணமாக நான்கு தந்தம்.
நாகூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவன்
தந்தத்தைத் தட்டிப் பார்க்காமல் இருப்பானா?

அந்த மழைக்காலம் முழுக்க மலையில் உப்பில்லை.
பாறையை நக்கி நக்கி மாடுகளின் நாக்கில் ரத்தம்.
சண்டைக்குப் புறப்பட்ட ஆட்கள்
பாதி வழியில் கால் நடுங்கி உட்கார்ந்தார்களாம்.
அதன் பிறகு ஒரே ஒரு விருந்து வைத்தான்.
ஒரே மரத்தொட்டி, ஆவி பறக்கும் இறைச்சி, மேலே என் உப்பு.
ஆறு தலைவர்கள் ஈட்டியை வாசலில் சாத்திவிட்டு வந்து
விரல் சூப்பினார்கள்.
தகப்பனைக் கொன்றவன் பக்கத்தில் உட்கார்ந்து
கொழுப்பை வழித்துத் தின்றான் மகன்.
உப்பிட்டாயிற்று, இனி உள்ளளவும் நினைக்க வேண்டியதுதான்.
தும்பை சூடாமலே வாகை.

எட்டாம் குடி வரவில்லை.

அந்தக் குடிப் பெண்கள் இருவர் ராத்திரியில்
என் பின்கதவைத் தட்டினார்கள்.
பாசிமணி, வெள்ளி வளையம், ஒரு பித்தளைச் சேகண்டி.
அரை வீசை, என்றாள் மூத்தவள். கால் வீசை.
கடைசியில் கையைக் குவித்துக் காட்டினாள், இவ்வளவு.
வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.
வாக்கு என்ற சொல்லை
அவள் பாஷையில் பிழையில்லாமல் சொன்னேன்.
அறுவடைக்கு முன்னால் அந்த ஊரில் புகை எழுந்தது,
அடுப்புப் புகை அல்ல.

முடிசூட வேண்டும். அவர்கள் பாஷையில்
தலைவனுக்கு மேல் ஒரு சொல் கிடையாது.
உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று ஆளனுப்பினான்.
கோ, மன்னன், வேந்தன், எதுவும் பிடிக்கவில்லை.
பேரரசன் என்றேன்.
நீளமாக இருந்ததால் பிடித்தது,
ஆனால் அவன் நாவில் ஒரு ‘ர’ தங்கவில்லை.
பேரசன்! பேரசன்! என்று ஏழு குடியும் முழங்கியபோது
நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று
விழுந்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.
கணக்கெழுதுகிறவன் புத்தி.

இப்போது மலையில் அமைதி. நல்ல அமைதிதான், பொய் சொல்ல மாட்டேன்.
பெண்கள் தனியாக விறகுக்குப் போகிறார்கள்.
பாதைக்குப் பாதை சுங்கம் இல்லை, ஒன்றே ஒன்று.
மாட்டுக் காதிலும் ஒரே வெட்டு.
எனக்கு அவன் தரவேண்டியது நாற்பது வீசைக்கு.
கேட்கிற துணிச்சல் இல்லை.

போன வாரம், மழை விட்ட விடியலில்,
கடைக்குப் பின்னால் மூட்டை கசிந்த மண்ணை
ஒரு கிழட்டுப் பசு நக்கிக்கொண்டிருந்தது.
வெள்ளத்தில் ஆற்றை எப்படித்தான் தாண்டியதோ.
காதில் இரண்டு துளை.
கம்பை எடுத்தேன்.
எடுத்த கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
கதவை மூடாமல் உள்ளே போனேன்.
சொரசொரவென்று அந்த நாக்கு
மண்ணை வழிக்கும் சத்தம்
வெயில் ஏறும்வரை
தராசுத் தட்டுவரை கேட்டது.