உமி போட்டு மூடியிருக்கலாம்

கச்சான் அடிக்கிற ஆடி மாதம்.
ஃபேனும் சுடுகாற்றைத்தான் சுற்றித் தருகிறது.
நான் வாசிக்கிறேன்: ஆறு உறைந்துவிட்டது,
கோடரி மரத்தில் பட்டால் மணியோசை கேட்கிறது.
நீ வெறும் சீமெந்தில் முதுகை ஒட்டிப் படுத்தபடி
"ம்" கொட்டுகிறாய்.

ருசியாவின் பழங்கதை. யாரோ அதைத் தூக்கிக்கொண்டுபோய்
மனித வாடையில்லாத வடகாட்டில்
நானூறு பக்க நாவலாய்க் குடிவைத்திருக்கிறார்கள்.
பிள்ளையில்லாத இருவர் முற்றத்துப் பனியைக் குவித்து
ஒரு சிறுமியைச் செய்கிறார்கள்.
மூக்கு வைத்ததும் அவள் மூச்சு விடுகிறாள்.

"பனியிலயா?" எழும்பி இருந்தாய்.
"பனியெண்டால் தலையில இறங்கித் தடிமன் வாறது.
அதில எப்பிடிப் பிள்ளை?"

உண்மைதான், அலோசியஸ்.
புல் நுனியில் நிற்பதற்கும்
மார்கழியில் கோணேசர் மலையை மறைப்பதற்கும்
அங்கே வீட்டைக் கூரையோடு விழுங்குவதற்கும்
எங்களிடம் ஒரே சொல்.

"ஐஸெண்டு வாசி" என்றாய்.
ஐஸ் உனக்குத் தெரியும்.
பதினொரு வருடம் சீனன்குடா ஐஸ் பெக்டரியில் இரவு வேலை,
சேர்ட்டை எத்தனை தரம் தோய்த்தாலும் அமோனியா போகாது.
உப்புத்தண்ணித் தொட்டிக்குள் தகரப் பெட்டி,
பெட்டிக்குள் கட்டி, விளிம்பெல்லாம் கண்ணாடி,
நடுவில் மட்டும் வெள்ளை:
வெளியேறத் தெரியாமல் அகப்பட்ட காற்று.
"அதுதான் அந்தப் பிள்ளை கதைக்கிறாள்" என்றாய்,
கணக்குச் சரிவந்த ஆள் மாதிரி.
"நடுவில காத்து இருந்திருக்கும்."

அன்றிலிருந்து கதை உன்னுடையது.
அவள் அடுப்பருகே போனால் அதட்டினாய்.
அந்தத் தாய் கம்பளி போர்த்தியபோது நான் சிரிக்க,
கம்பளி சூட்டை உள்ளே விடாது என்று
அவளுக்காக வாதாடினாய்.
கன்னியாவின் ஏழு கிணறும் அந்த நாட்டில் இல்லைத்தானே என்று
மூன்று தரம் கேட்டுத் தெளிந்தாய்.

பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஆற்றில் விரிசல் விழுகிறது.
"நிப்பாட்டு."
பிறகு, கூரையைப் பார்த்து:
"உமி போட்டு மூடியிருக்கலாம்.
நல்லாக் காய்ஞ்ச உமி, நாலு விரல் மொத்தம்.
மேல சாக்கு நனைச்சு.
சித்திரை தாண்டும்."
சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாய்.

அலுமாரி மேல்தட்டில், கலியாண அல்பத்துக்கு அடியில்
பெரியாஸ்பத்திரி தந்த கொப்பி இருக்கிறது.
ஐந்தாம் மாதத்தோடு எழுத்து நின்ற கொப்பி.
அதைப் பற்றி நீ இதுவரை
இவ்வளவு நீளமாய்ப் பேசியதில்லை.

மிச்சத்தை நான் தனியே வாசித்து முடித்தேன்.
நீயும் கேட்கவில்லை.

ஒரு விடியல், மோட்டார்சைக்கிளின் பின்னால் சாக்குப்பொதி,
வழிநெடுகச் சொட்டியபடி.
உமியைத் தட்டிப் படியில் வைத்தாய்.
ஒரு முழம் இருக்கும்.
செதுக்கவில்லை. மூக்கு வைக்கவில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
பல்துலக்காத வாயோடு நின்றோம்.

கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
றோட்டைக் கடந்து கேற்றுக்குள் வந்தது,
வாழைப்பழத் தோலுக்கு வழக்கமாய் வரும் பெட்டை.
மணந்தது. பின்வாங்கியது.
பிறகு நாக்கை நீட்டி நக்கத் தொடங்கியது,
ஈன்ற குட்டியைத் துடைப்பது போல,
அவசரமில்லாமல்,
ஒரு பக்கம் முடித்து மறுபக்கம்.

துரத்த இருவருக்கும் வாய் வரவில்லை.
வெயில் படியேறுகிற நேரம்
நடுவிலிருந்த வெள்ளை வெடித்து
சின்னதாய் ஒரு சத்தம் போட்டது.

மான் காதை நிமிர்த்தியது.