வரம்புகள்

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.
நாகமலை முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது
செல்வின் சார் பலகையில் மூன்று சொல் எழுதினார்:
இளக்கு. மாற்று. உறையவை.
பனிக்கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.
சதுரத்தை உருக்கி, உருண்டை அச்சில் ஊற்றி,
மறுபடி உறையவைத்தால் அதுதான் புது நிறுவனம்.
"சித்திரையில மதுரைல எது சார் உறையும்?"
பின்பெஞ்சிலிருந்து நாகூர்கனி.
சாரும் சிரித்தார்.

எனக்கு ரப்பர்தான் தெரியும்.
கப்பலூர் சிட்கோவில் பதினோரு வருஷம்.
கந்தகம் சேர்த்து அச்சில் வைத்து
நூற்று அறுபது டிகிரியில் ஒருமுறை வெந்தால்
அது திரும்ப இளகாது.
உருக்கப் பார்த்தால் கருகும்.
கை தூக்கிச் சொல்லலாமென்று நினைத்தேன்;
அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது.

ப்ராஜெக்ட்டுக்கு என் தலைப்பு:
'சிறு தொழிற்சாலையில் புதுமை ஏற்பும் ஊழியர் ஆயத்தநிலையும்.'
சுருக்கிச் சொன்னால், ஒரு பீப்பாய்.
திரவ நைட்ரஜன் விட்டு
வளையங்களை உள்ளே போட்டுச் சுற்றினால்
விளிம்பில் ஒட்டிய பிசிறு கண்ணாடிபோல் விறைத்துத்
தானே உதிரும்.
பதினாலு பெண்கள் பகலெல்லாம் பிளேடால் சீவுவது
நாற்பது நிமிஷத்தில்.

பிளேடு வேலை யாருக்கும் பிடித்ததில்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
பெருவிரலில் துணி சுற்றாத ஒருத்தி அங்கே கிடையாது.
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
கறுப்பு வளையத்தில் ரத்தம் தெரியாது.
சோதித்து முத்திரை குத்துகிறவள் நான்.

இருபது கேள்வி, ஐந்து கட்டம்.
நானே தமிழாக்கினேன்:
'மாற்றம் எனக்கு வளர்ச்சி தரும் என நம்புகிறேன்' —
அறவே இல்லை தொடங்கி முற்றிலும் ஆம் வரை.
ஷிப்ட் முடிந்து கை கழுவும் நேரம்
தாளை நீட்டினேன்.

ஒச்சம்மாள் வாங்கிப் பார்த்தாள்.
"இதுல எதப் போட்டா வெரசா முடியும்?"
எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்றேன்.
"அப்பக் கடைசியப் போடுறேன். கைக்கு வாட்டமா இருக்கு."
இருபதுக்கும் மேலிருந்து கீழாக ஒரே கோடு.
மற்ற பதின்மூன்று பேரும்
அவள் தாளை எட்டிப் பார்த்து அதையே.
ஐந்து நாற்பது வண்டியை விட்டால்
திருமங்கலத்தில் உசிலம்பட்டி பஸ் போய்விடும்;
அடுத்தது ஏழேகாலுக்கு.
என் பேனாவோடேயே ஓடினார்கள்.

ஆயத்தநிலை: நூறு விழுக்காடு.
சார் அட்டவணையைப் பார்த்து
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இப்படி ஒரு தரவு எனக்கு வந்ததே இல்லம்மா."
பாராட்டா, சந்தேகமா? முகத்தில் தெரியவில்லை.
நானும் கேட்கவில்லை.
முதலாளி ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாசியில் பீப்பாய் வந்தது, மாலை போட்ட லாரியில்.
ஆறு பேர் பேக்கிங்குக்கு.
எட்டுப் பேருக்குக் கணக்கு முடித்தார்கள்.
ஒச்சம்மாள் எட்டில்.
பணத்தை இரண்டு தரம் எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு
"அன்னைக்கு அந்தத் தாளுல என்னதான் கேட்டுருந்த?" என்றாள்.
சொன்னேன்.
"அட" என்றாள். அவ்வளவுதான்.
பைக்குள் துழாவிப் பேனாவை எடுத்துத் தந்தாள்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்
கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார்.
"ஆய்வின் வரம்புகள்னு ஒண்ணுமே எழுதலையே?
நேரம் போதல, மாதிரி சிறிசு, ஏதாவது எழுதுவாங்களே."
ஏசி அறை. விரல் விறைத்திருந்தது.
"அஞ்சு நாப்பது பஸ், சார்" என்றேன்.
அவர் தலையாட்டி
'போக்குவரத்துச் சிரமம்' என்று
பென்சிலில் குறித்துக்கொண்டார்.

முதல் வகுப்பு.

இப்போதும் அதே வண்டியில்தான் வீட்டுக்குப் போகிறேன்.
கப்பலூரில் ஏறியதும்
உட்கார இடம் கிடைக்கிறது.