வண்டியின் நிறம்

நான் பின்வரிசை ஆள்.
என்னைவிட அரையடி உயரமான பாஸை
அணைத்துக்கொண்டு நிற்பவன்.
ப்ளூகிராஸில் டிரம் கிடையாது,
நேரத்தைப் பிடித்துவைப்பது என் வேலை.
கிராஸி ஃபோர்க் தீயணைப்புக் கொட்டகையில்
வெள்ளிக்கிழமைதோறும் எனக்குத் தெரிவது
ட்ரெஸா நேப்பியரின் பின்கழுத்து,
கிட்டார் வார் உராய்ந்து கன்றிய ஒரு கோடு,
அதற்கப்பால்
பொரித்த கெளுத்தியும் சோளரொட்டியுமாய்
கென்டக்கியின் இந்த மூலையில் மிச்சமிருக்கும் எழுபது பேர்.

பகலில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
பிள்ளைகள் இறங்கிய பிறகு
காலி இருக்கைகளின் தடதடப்பை வைத்துப்
பாட்டுக் கட்டுகிறாள்.
அதனால் எல்லாமே
மேட்டில் கொஞ்சம் இழுக்கும், இறக்கத்தில் ஓடும்.
மாண்டலின் ஹோபர்ட்டுக்கு அதில் புகார் உண்டு.

ஊர் கேட்பது ஒரே பாட்டைத்தான்.

வெள்ளம் வந்த ஜூலையில்
தேவாலயம் இரவல் தந்த ஜெனரேட்டரை
மூன்றாம் இரவு யாரோ தூக்கிப்போனார்கள்.
உறைபெட்டியில் மான்கறி இருந்தது.
வெஸ்லி சுட்ட கடைசி மான்.
அவன் போய் எட்டு மாதமாகியும்
அவள் சமைக்கவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை.
நான்கு நாளில் நாறியது.
மூக்கில் துணி கட்டிக்கொண்டு
நானும் ஹோபர்ட்டும்தான் புதைத்தோம்.

அழுவாள் என்று பார்த்தோம்.
பாட்டாக்கிவிட்டாள்.
திருடனை வைய மூன்று சரணம்,
நடுவே பேஞ்சோ துள்ள ஓரிடம்.
இரண்டாம் சரணத்தில்
ஒரு சிவப்பு பிக்கப் வண்டி
விளக்கணைத்துப் பாலம் ஏறும்.

அவள் எந்த வண்டியையும் பார்க்கவில்லை.
தூங்கிக்கொண்டிருந்தாள்.
முன்வரியின் முடிவோடு ஓசை சேர வேண்டுமே என்று
சிவப்பு.

எங்கள் பள்ளத்தாக்கில் அப்போது
சிவப்பு பிக்கப் ஒன்றே ஒன்று.
ட்ராய் காடில். இருபத்திரண்டு வயது, திக்குவாய்.
யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.
பெட்ரோல் போட வரும்போது
யாராவது அந்த மெட்டைச் சீழ்க்கையடிப்பார்கள், அவ்வளவுதான்.
நானும் ஒருமுறை.
பனி விழுமுன்
டேட்டனில் ஏதோ கிடங்கில் வேலை என்று
ஒஹையோ போய்விட்டான்.
அவன் அம்மா இப்போதும் வருகிறாள்.
மீனைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு
முதல் பாட்டுக்கு முன் கிளம்பிவிடுகிறாள்.

போன வாரம் எல்லாம் முடிந்து
நான் பாஸுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.
எல்வுட் ஃபுகேட் வந்தார்.
ஞாயிறுகளில் காணிக்கைத் தட்டு ஏந்துபவர்.
காகிதத் துண்டில்
விரல் விரலாக எண்ணெயைத் துடைத்தார்.
"நல்ல பாட்டு, ட்ரெஸா."
பிறகு, சுருதி பிசகிய இடத்தைக் காட்டுவதுபோல்,
"சிவப்பு இல்லை. நீலம்."
தொப்பியை வைத்துக்கொண்டு
மழைக்குள் போய்விட்டார்.

அவருடைய வண்டி இப்போது வெள்ளை.
அதற்கு முன் என்னவாக இருந்தது என்று
வீடுவரை யோசித்தபடி ஓட்டினேன்.

அவளோ கிட்டார் பெட்டியின் கொக்கியை மாட்டினாள்,
கழற்றினாள்,
மறுபடி மாட்டினாள்.

இன்று வெள்ளி.
எல்வுட் மூன்றாம் வரிசையில், மடியில் தட்டு.
ட்ராயின் அம்மா பொட்டலத்தோடு கதவருகே,
மழை விடட்டும் என்று நிற்கிறாள்.
முதல் சரணம் போயிற்று.
பேஞ்சோ துள்ளி அடங்கிற்று.
பாலம் வந்துவிட்டது.

நீலம் அந்த இடத்தில் உட்காராது.
வாரம் முழுக்கப் பேருந்தில் முயன்றாளாம்.
முன்வரி, அதற்கும் முன்வரி,
எதைப் பெயர்த்தாலும் இடிக்கிறதாம்.

பின்கழுத்து அசையவில்லை.
ஹோபர்ட் என்னைப் பார்க்கிறான்.
நான் அடுத்த சுரத்துக்குப் போகாமல்
அதே ஒன்றை
மீட்டிக்கொண்டிருக்கிறேன்,
அவள் எவ்வளவு நேரம் கேட்டாலும்
கொடுக்கலாம் என்று.