சொந்தக் காரணம்

பெருமாநல்லூர் பஸ் ஸ்டாப் தூணில்
"ஆட்கள் தேவை" என்பதற்குக் கீழே இருப்பது
என் நம்பர். மழையில்
கடைசி இரண்டு எண் போய்விட்டது.

ஒரு காலத்தில் கேட்டில் நின்று
திருப்பி அனுப்புவதுதான் என் வேலை.
"அடுத்த வாரம் வந்து பாருங்" என்பேன்.
அந்த வாரம் வராது.

இன்று தன்பாத் ரயில் எத்தனை மணி லேட் என்று
எனக்குத் தெரியும்.
கம்பெனி வேனை வெளியே நிறுத்தி
பிளாட்பாரத்தில் காத்திருக்கிறேன்.
சாப்பிட்டாச்சா என்று ஒடியாவில் கேட்கப்
பழகிவிட்டேன்: "காய்லா கி?"
தீபாவளி போனஸோடு ஊருக்குப் போனவர்களில்
எத்தனை பேர் திரும்புவார்கள் என்று
எம்.டி. கேட்கும்போது மட்டும்
எந்தப் பாஷையும் வருவதில்லை.

நேற்று செக்கிங் செக்ஷன் பொண்ணு
கணக்கு முடிக்க வந்தாள்.
ஃபாரத்தில் நாலு கட்டம்:
சம்பளம், உடம்பு, கல்யாணம், சொந்தக் காரணம்.
எது கண்ணு என்றேன்.

"மூணு வருசமா லைன்ல என்னை
ஏ ஹிந்தின்னுதான் கூப்பிடறாங்க.
எனக்கு ஹிந்தியே வராதுங்க மேடம்.
மினதின்னு ஒருத்தரும் கூப்பிடலீங்க."

நாலாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு
பெயர் எழுதக் குனிந்தேன்.
மேசையில் அவள் கழற்றி வைத்த அட்டையில்
மினிதா என்றிருந்தது.

டைப் அடித்தது நான்.