கறுப்புப் பலகை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
எங்கள் பட்டு நூற்பு ஆலையில்
ஓர் இருட்டறை உண்டு.
போட்டோ கழுவுகிற இடம் என்றே
வங்கி மேலாளர் முதலில் நினைத்தார்.

அங்கே கறுப்புப் பலகையில் இழையைச் சுற்றி
பக்கவாட்டில் ஒற்றை விளக்கைப் போட்டு
ஹிராயாமா நின்றார்.
முக்கால் மணி நேரம்.
தொண்டையைக்கூடச் செருமவில்லை.
அவர் முதுகுக்குப் பின்னால் நான்,
கடிக்கிற புதுச் செருப்பில்
கால் மாற்றிக் கால் மாற்றி.

எனக்குத் தெரிந்தது விரல்தான்.
வழுக்கினால் நல்ல நூல்.
அவர் பென்சில் முனையால் ஓரிடம் காட்டினார்:
கடுகில் கால் பங்கு, ஒரு திரடு.
அந்தக் கடுகுக்காக
நாற்பது கிலோ திரும்பி வந்தது.

"உங்க ஊர்ப் புழுதான் சார்,
தின்னதுதான் வீராணத்து மல்பெரி" என்றேன்.
மொழிபெயர்க்க வந்த பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்.
அவர் சிரிக்கவில்லை. குனிந்து வணங்கினார்.
புழுவுக்கா, எனக்கா,
இன்று வரை தெரியாது.

அப்புறம் ஒன்பது மாதம்
பால் கணக்குக்கு முன்னால் யென் விலை பார்த்தேன்.
கொப்பரைச் சூட்டைக் கையால் அல்ல,
கண்ணாடிக் குழாயால் பார்த்தேன்.
கொழுந்தன் செங்கோடன் இறக்கிய மூட்டையில்
நூற்றுக்குப் பதினெட்டுக் கறைக்கூடு.
தள்ளினேன்.
ஆடிப் பதினெட்டுக்கு அவர்கள் வீட்டில்
எனக்கு இலை விழவில்லை.

மூன்று ஏ என்று சான்று வந்தது.
நான்கு சரக்கு கப்பலேறியது.
ஐந்தாவதற்குக் கடிதம் வந்தது:
கிமோனோ வாங்க ஆள் குறைவு,
வருந்துகிறோம்.
வருந்துகிறோம் மட்டும் மூன்று இடத்தில்.
அன்றிரவு பலகையைத் துடைக்காமல் வீட்டுக்குப் போனேன்.

மறுவாரம் அம்மாப்பேட்டை துளசிராம் வந்து
நூலை இரு விரலில் உருட்டி
வழக்கமான விலை சொன்னார்.
பேரம் பேசவில்லை நான்.
உள்ளே கூட்டிப் போய் விளக்கைப் போட்டேன்.
நின்றார்.
முப்பது வருடமாகத் தொட்டதை
முதன்முதலாகப் பார்த்தார்.
"கிலோவுக்கு முந்நூறு சேத்துப் போட்டுக்கோம்மா."

ஜப்பான் பணம் கடனுக்குப் போனது,
கூரைக்குப் போனது, போய்விட்டது.

நேற்று சாயங்காலம் செங்கோடன்.
கையெல்லாம் பிளீச்சிங் பவுடர் வாசம்,
மூட்டையில் வெள்ளை வெளேரென்று கூடு.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணி.
இழுத்துச் சுத்துங்க.
அந்த ரூமைத் திறங்க,
நானே பாத்துக்கிறேன்."